கரையும் கந்தகம்

மும்பை நகரை மனத்திற் கொண்டு இன்று ஒரு ரசாயனச் செய்தியைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

பாட்டரி என்று நாம் வழங்கும் சேமக்கலம் ஒன்றை விலைக்கு வாங்கும்போது, நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. 'ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்?' என்று கேட்கிறோம். கடைக்காரரும் தயங்காமல் விடை சொல்லிவிடுகிறார். பெட்டியின் மேலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு புறப்படும் வியாபாரி, மின்சார வண்டி வாங்கலாமா என்று எண்ணும்போது அவருக்கு வேண்டிய விடை வேறு. வண்டி வாங்கி ஓராண்டு சென்றபின் அது எவ்வளவு தூரம் ஓடும்? கடன் தவணை தீரும்வரை கலம் தாங்குமா? பழைய கலத்தைக் கழித்துப் போட்டால் என்ன கிடைக்கும்? முதல் நாளின் கணக்கும் ஐந்நூறாம் நாளின் கணக்கும் எவ்வளவு வேறுபடலாம் என்பதை லித்தியம்-கந்தகச் சேமக்கலத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்று இல்லை எனலாம்.

முதலில் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். அதற்கு நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. செம்பூர்வாசிகளுக்கு மாஹுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகள் பழகிய காட்சி. 1950களின் நடுவில் எழுந்த அவ்விரு ஆலைகளும் இன்று பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற பெயர்களில் இயங்குகின்றன. பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கிறது. அதை நீக்காமல் எரித்தால் புகையோடு கலந்து நம் நுரையீரலைச் சேரும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிப்படி, பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. அதற்கு முந்தைய விதி 50 பங்கு வரை அனுமதித்தது. ஆகவே ஆலைகள் முன்னினும் அதிகமாகக் கந்தகத்தைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. ஹைட்ரஜனைச் செலுத்தி அதை நாற்றமுள்ள வாயுவாக்கி, பின்பு கிளவுஸ் என்பார் 1883இல் கண்ட முறையை ஒட்டி மஞ்சள் கந்தகமாக மீட்கிறார்கள். உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி டன் கந்தகம் கிடைக்கிறது. அதன் பெரும்பகுதி கந்தக அமிலமாகி, உரமாகி, வயலுக்குப் போகிறது. நம்மவர்களுக்குச் சிவகாசிப் பட்டாசின் மூலம் அது நன்கு பழக்கமான சரக்கு. இதைக் கோபால்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய லித்தியம் அயனிக் கலங்கள் பலவற்றுக்கு வேண்டிய அந்த உலோகத்தில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. விலையும் நிலையாக இருப்பதில்லை.

இவ்வளவு மலிவான பொருளைக் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. ஹெர்பெர்ட், உலாம் என்ற இருவர் கந்தகத்தை நேர்மின்வாயாகக் கொண்ட கலத்துக்கு 1962ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது கடைத்தெருவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் நம் பேச்சின் பொருள்.

கணக்கு என்னவோ ஆசையூட்டுவதாகவே இருக்கிறது. ஒரு கிராம் கந்தகம் ஏட்டளவில் 1,675 மில்லி-ஆம்பியர்-மணி மின்னூட்டத்தைத் தாங்கவல்லது. இன்று வழங்கும் லித்தியம் அயனிக் கலத்தின் நேர்மின்வாய்ப் பொருள் 200ஐத் தொட்டாலே பெரிது. எடையைக் கொண்டு பார்த்தால், வீட்டு இன்வர்ட்டரில் உள்ள ஈய அமிலக் கலம் ஒரு கிலோவுக்கு 30 முதல் 40 வாட்-மணி தருகிறது. நல்ல லித்தியம் அயனிக் கலம் 250ஐ ஒட்டித் தருகிறது. லித்தியமும் கந்தகமும் சேர்ந்தால், ஏட்டின்படி 2,600 வரை கிடைக்க வேண்டும்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. கூடு, திரவம், கரி, உலோகத் தகடு எல்லாவற்றின் எடையையும் சேர்த்துப் பார்த்தபின் கையில் கிடைத்திருப்பது 400ஐ ஒட்டிய எண்தான். எனினும் அது குறைவானதன்று.

கலத்தின் உள்ளே நடப்பதைச் சற்று நிதானமாகக் காண்போம். ஒரு புறம் லித்தியம் உலோகத் தகடு. இது எதிர்மின்வாய். மறுபுறம் கந்தகமும் கரியும் கலந்து பூசிய தகடு. இது நேர்மின்வாய். இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய திரை. எங்கும் நிறைந்திருப்பது ஈதர் இனத்தைச் சேர்ந்த ஒரு திரவம். கலத்திலிருந்து நாம் மின்சாரம் எடுக்கும்போது, லித்தியம் அயனிகள் திரவத்தில் நீந்திக் கந்தகத்தை அடைகின்றன. கந்தகமோ எட்டு அணுக்கள் கைகோத்த வளையமாக இருக்கிறது. லித்தியம் வந்து சேர்ந்ததும் அவ்வளையம் அறுகிறது. முதலில் எட்டு அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி, பின்பு ஆறு, பின்பு நான்கு என்று அது படிப்படியாகத் துண்டாகிறது. இந்தச் சங்கிலிகளுக்குப் பாலிசல்பைடு என்று பெயர். இறுதியில் ஒரே கந்தக அணுவும் இரண்டு லித்தியம் அணுக்களும் சேர்ந்த லித்தியம் சல்பைடு படிகிறது. மின்சாரம் ஏற்றும்போது இவையனைத்தும் தலைகீழாக நடந்து மீண்டும் கந்தகம் உருவாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தொடக்கத்துக் கந்தகம் திடப்பொருள். முடிவில் வரும் லித்தியம் சல்பைடும் திடப்பொருள். நடுவில் வரும் நீண்ட சங்கிலிகள் மட்டும் திரவத்தில் கரைந்துவிடுகின்றன. கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்தால், நிறமற்றிருந்த திரவம் மஞ்சளாகி, பின்பு கஷாயம் போலச் சிவந்து வருவதைக் கண்ணாலேயே காணலாம். கரைவதைத் தடுத்துவிட்டால் போயிற்றே என்று நேயர்கள் நினைக்கக்கூடும். அது அவ்வளவு எளிதன்று. கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாத பொருள். கரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பு மட்டுமே வேலை செய்து, உள்ளிருக்கும் பகுதி சும்மா கிடக்கும். கரைந்து பரவுவதால்தான் உட்பகுதியும் கரியை அடைந்து வேலை செய்கிறது. கலத்துக்கு வலிமை தரும் செய்கையே அதன் தேய்வுக்கும் காரணமாகிறது என்பதை நாம் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டும்.

கரைந்த சங்கிலி தன் இடத்தில் நிற்பதில்லை. திரையின் நுண்துளைகளைக் கடந்து லித்தியத்தின் பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கே குறுகிய சங்கிலியாகத் துண்டாகி, மறுபடியும் கந்தகத்தின் பக்கம் திரும்பி, ஏற்றும் மின்சாரத்தை விழுங்கி நீண்ட சங்கிலியாகி, மீண்டும் புறப்படுகிறது. தறியில் நாடா போவதும் வருவதும் போன்ற இந்த ஓட்டத்தில் துணி ஏதும் நெய்யப்படுவதில்லை. மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கிறது, கலமோ நிரம்புவதில்லை. ஏற்றி முடித்து ஓரமாக வைத்துவிட்டாலும், தானாகவே சார்ஜ் இறங்கிவிடுகிறது. மும்பையின் வெப்பத்தில் இந்த ஓட்டம் இன்னும் விரைவுபடும்.

போனவற்றுள் ஒரு பகுதி திரும்பி வருவதே இல்லை. லித்தியத் தகட்டின் மேல் லித்தியம் சல்பைடாகப் படிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஊரைவிட்டுப் போனவர் போன இடத்திலேயே குடியேறிவிட்டதைப் போன்றது இது என்று சொல்ல வாயெடுத்தோம். ஆனால் மும்பைத் தமிழரிடம் இந்த உவமை எடுபடாது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்தவர்கள் மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். கந்தகம் அதுவும் செய்வதில்லை.

நம் வீட்டு இன்வர்ட்டர்க் கலத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அதுவும் கந்தகத்தால் கெடுவதுதான். ஈயத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிந்து, நாளடைவில் கெட்டியான படிகமாகி, மின்சாரம் ஏற்றினாலும் கரையாமல் நின்றுவிடுகிறது. மெக்கானிக் 'தகடு வெள்ளை பூத்துவிட்டது' என்று சொல்வது அதையே. அங்கே கரைய வேண்டியது கரைய மறுக்கிறது. இங்கே கரைந்து போனது திரும்ப மறுக்கிறது.

இழப்பு இதோடு நிற்கவில்லை. 100 கன அளவுள்ள கந்தகம் முழுவதும் லித்தியம் சல்பைடாக மாறினால் 180 கன அளவாகப் பெருகும். ஏற்றும்போது மீண்டும் சுருங்கும். நாள்தோறும் இப்படி விம்மித் தணியும் பூச்சு விரிசல் கண்டு, கரியின் தொடர்பு அறுந்து உதிர்கிறது. எதிர்ப்புறத்திலோ, லித்தியம் ஒவ்வொரு முறையும் கரைந்து திரும்பப் படியும்போது சமமாகப் படிவதில்லை. முட்செடி போலக் கிளைத்துப் படிகிறது. புதிதாக வெளிப்பட்ட உலோகத்தோடு திரவம் வினைபுரிந்து செலவாகிறது. பல கலங்களில் கந்தகம் தீர்வதற்கு முன் திரவம் வற்றிப்போவதே இறுதிக் காரணமாகிவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் இழப்பு மிகச் சிறியதாக இருந்தால் போதாதா? வட்டிக்கு வட்டி என்னும் கணக்கை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு முறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கே குறைகிறது என்று கொள்வோம். 500 முறைக்குப் பின், தொடக்கத்தில் 100 இருந்த இடத்தில் ஏறத்தாழ 60 மிஞ்சும். நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலோ, 100 முறையிலேயே 37க்கு வந்துவிடும். ஆயிரம் முறைக்குப் பிறகும் 80 இருக்க வேண்டுமானால், ஒரு முறைக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றே கூடுதலான இழப்பைத்தான் பொறுத்துக்கொள்ள முடியும். அவ்வளவு நுட்பமாகக் கந்தகத்தைக் காவல் காக்க வேண்டும்.

காவல் முறைகள் பலவற்றை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் என்னும் அம்மையாரின் குழுவினர், மிக நுண்ணிய துளைகள் வரிசை வரிசையாக அமைந்த கரியை எடுத்து, உருகிய கந்தகத்தை அத்துளைகளுள் ஊறச் செய்தனர். கிராமுக்கு 1,320 மில்லி-ஆம்பியர்-மணி வரை கிடைத்தது. உறங்கிக் கிடந்த இத்துறைக்கு அது புத்துயிர் தந்தது எனலாம். அதே ஆண்டில் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் டோரோன் ஆர்பாக்கும் அவர் குழுவினரும், திரவத்தில் சிறிது லித்தியம் நைட்ரேட் உப்பைக் கலந்தால் லித்தியத் தகட்டின் மேல் ஒரு காப்புப் படலம் உண்டாவதை விளக்கினர். நாடா ஓட்டம் பெரிதும் அடங்கிற்று. ஆனால் அந்த உப்பும் முறைக்கு முறை செலவாகிக்கொண்டே போகும். தீர்ந்த பிறகு காவலும் தீர்ந்தது.

இத்துறையில் ஒரு தமிழரின் பங்கு பெரிது. தென் தமிழகத்தின் அமரபுரம் என்னும் சிற்றூரில் 1951இல் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் ரசாயனம் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மதுரையில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்பு ஜான் குடினஃப் என்னும் பேராசிரியரோடு முதலில் ஆக்ஸ்போர்டிலும் பிறகு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலும் ஆராய்ச்சி செய்தார். குடினஃப்புக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தப் பரிசுச் சொற்பொழிவை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரமே. 2012இல் அவரும் அவருடைய மாணவர் ஒருவரும் செய்த ஒரு காரியம் எளிமையால் நம்மைக் கவர்கிறது. கந்தகத் தகட்டுக்கும் திரைக்கும் இடையே நுண்துளைகள் கொண்ட கரித்தாள் ஒன்றைச் செருகி வைத்தார்கள். தப்பியோடும் சங்கிலிகளை அந்தத் தாள் பிடித்துவைத்துக்கொள்கிறது. மின்சாரத்தைக் கடத்துவதால் பிடிபட்டவற்றை மீண்டும் வேலைக்கும் அமர்த்துகிறது. 100 முறைக்குப் பிறகும் கிராமுக்கு 1,000க்கு மேல் நின்றது. புதுப் பொருள் தேடி அலையாமல், இருப்பவற்றின் நடுவே ஒரு தாளைச் செருகிய இந்த யோசனையை நாம் மிகவும் மெச்சுகிறோம்.

மும்பைக்கே உரிய முயற்சியும் ஒன்று உண்டு. பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் சிவ நாடார் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து வரும் கார்டனால், கிராம்புத் தைலத்தின் யூஜினால் ஆகிய பொருள்களைக் கந்தகத்தோடு பிணைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிணைந்த கந்தகம் எளிதில் நழுவுவதில்லை. எண்ணெய் ஆலையின் கழிவும் முந்திரித் தொழிலின் கழிவும் ஒன்றுசேரும் இந்த வழியில், செம்பூரும் பண்ணுருட்டியும் உறவு கொண்டாட இடமிருக்கிறது. 1948இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் தந்து வித்திட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இக்கலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடந்துவருகிறது. ரசாயனத் தொழில்நுட்பத்துக்குப் பெயர்பெற்ற மாட்டுங்காக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம்: இத்துறையில் செய்வதற்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

கடினமான பகுதிக்கு இப்போது வருகிறோம். 2022இல் பிலடெல்பியா நகரத்து டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் விபா கல்ரா குழுவினர், கந்தகத்தின் அபூர்வமான ஒரு படிக வடிவைக் கொண்டு 4,000 முறை ஓட்டிக் காட்டினர். இத்தகைய செய்தி பத்திரிகையில் வந்ததும் 'அடுத்த ஆண்டு கடையில் கிடைக்கும்' என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. பரிசோதனைச் சாலையின் கலம் பெரும்பாலும் நாணயம் அளவுள்ளது. அதில் கந்தகம் மெல்லிய பூச்சாக இருக்கும். திரவம் தாராளமாக ஊற்றப்பட்டிருக்கும். லித்தியம் தேவைக்குப் பல மடங்கு இருக்கும். இழப்பை ஈடுகட்ட ஏராளமான இருப்பு வைத்துக்கொண்டு ஓட்டும் கலம் நெடுநாள் ஓடுவதில் வியப்பில்லை. வண்டிக்கு ஏற்ற கலமோ எடை குறைவாக இருக்க வேண்டும். ஆகவே திரவத்தையும் லித்தியத்தையும் குறைத்து, கந்தகத்தைத் தடிப்பாகப் பூச வேண்டும். அப்படிச் செய்த மாத்திரத்தில் ஆயிரக்கணக்கான முறை என்பது சில பத்துக்களாகவோ சில நூறுகளாகவோ இறங்கிவிடுகிறது. எனவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எத்தனை முறை என்று கேட்பதற்கு முன், ஒரு பங்கு கந்தகத்துக்கு எவ்வளவு திரவம் ஊற்றினார்கள் என்று கேட்க வேண்டும். பத்திரிகைகள் பெரும்பாலும் இந்த எண்ணை அச்சிடுவதில்லை.

இக்கலம் எங்குமே பயன்படவில்லை என்று எண்ண வேண்டாம். 2010 ஜூலையில் செஃபிர் என்னும் ஆளில்லா விமானம் அமெரிக்காவின் அரிசோனா வானில் 14 நாள் தரையிறங்காமல் பறந்தது. பகலில் சூரிய ஒளியால் மின்சாரம் பெற்று, இரவில் லித்தியம்-கந்தகக் கலத்தால் பறந்தது. இரண்டு வாரத்துக்குப் பதினான்கு முறை ஏற்றி இறக்கினால் போதும். எடைதான் அங்கே உயிர். ஆயுள் இரண்டாம் பட்சம். தரையில் அத்தகைய சலுகை இல்லை. இக்கலத்தையே நம்பித் தொடங்கிய ஆக்ஸிஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி, 2021இல் பணம் திரட்ட முடியாமல் நொடித்துப்போயிற்று.

ஆகவே நம் இட்லி வியாபாரிக்கு இன்று ஏற்றது எது? லித்தியமும் இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த கலத்தையே சொல்வோம். எடையில் சற்றுக் கனமானது, புகழ் குறைந்தது. ஆனால் சரியாகப் பேணினால் இரண்டாயிரம் முறைக்கு மேலும் உழைக்கும். கோபால்ட்டும் அதில் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் தாராவியை வைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நகரத்தின் பழைய பொருள்கள் பல அங்குள்ள கூடங்களுக்கு வந்து, பிரிக்கப்பட்டு, மறுபிறவி எடுக்கின்றன. ஈயக் கலத்தில் ஈயம் இருக்கிறது. சில லித்தியம் அயனிக் கலங்களில் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன. பிரிப்பவருக்கு அதுவே கூலி. கந்தகக் கலத்தில் லித்தியத்தைத் தவிர விலைபோகும் பொருள் இராது. லித்தியத்தை மீட்பதும் குடிசைத் தொழிலில் ஆகிற காரியமன்று. மலிவான பொருளால் செய்த கலம் மலிவாகவே எறியப்படும் என்ற அச்சம் நமக்கு உண்டு. உள்ளே எஞ்சியிருக்கும் லித்தியம் உலோகம் நீர் பட்டால் தீப்பற்றக்கூடும். லித்தியம் சல்பைடு ஈரக் காற்றைத் தொட்டதும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். செறிவு மிகுந்தால் அது மூக்கின் உணர்வை மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் வேளையே ஆபத்தான வேளை. ஜன்னலில்லாத ஒரு கூடத்தில், ஜூலை மாத மழையில் இது எப்படியிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

2022ஆம் ஆண்டின் கலக்கழிவு மேலாண்மை விதிகள், எவ்வகைக் கலமானாலும் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மேலேயே சுமத்தியிருக்கின்றன. கந்தகக் கலம் நம் கடைத்தெருவுக்கு வருமுன், அதைத் திரும்பப் பெறும் இடமும் வர வேண்டும். அதுவரை, தாராவியில் பழைய சாமான் வாங்கும் நம்மவர்கள், மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்த லித்தியம் கலத்தையும் சுத்தியலால் தட்ட வேண்டாம். உப்பியிருக்கும் கலத்தைத் தட்டவே வேண்டாம்.